கையாலேயே அலுமினியத்துக்கு மெருகு: பைக் மூடி முதல் கேத்தல் வரை

இலங்கை மலையகத்தில் பைக்கோ ஆட்டோவோ வைத்திருப்பவர்களுக்கு அலுமினியம் படுத்தும் பாடு நன்றாகத் தெரியும். ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா பக்கம் தென்மேற்குப் பருவம் முழுக்கத் தூறலிலும் மூடுபனியிலும் நின்ற பைக்கின் எஞ்சின் மூடி, மழை விடும்போது சுண்ணாம்பு பூசிய சுவர் போல வெளுத்துக் கிடக்கும். ஆயுத பூஜைக்கு முந்திய வாரம்தான் அது நம் கண்ணில் படும். டவுனுக்குப் போய் ஒரு போத்தல் பிராசோ (உலோகம் துலக்கும் திரவம்) வாங்கி வந்து, கை வலிக்கத் தேய்த்து, துணியெல்லாம் கறுத்துப்போன பிறகும் மூடி மங்கலாகவே இருக்கும். "இந்த அலுமினியம் சரியில்லை" என்று சொல்லி அத்தோடு விட்டுவிடுவார்கள்.

அலுமினியத்தில் குறை இல்லை. பிராசோ ஆகட்டும், பற்பசை ஆகட்டும், எந்த மெருகுக் களிம்பும் கடைசிக் கட்டத்துக்கு மட்டும்தான். அதற்கு முன்னால் இருக்கும் வேலையெல்லாம் வாட்டர் பேப்பருடையது, அதாவது தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளுடையது. பேப்பரை ஒழுங்கான வரிசையில் பிடித்தவருக்குப் பற்பசையே போதும். வரிசையைத் தாண்டிக் குதித்தவருக்கு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய களிம்பும் உதவாது. மெஷின் எதுவும் தேவையில்லை. ஒரு பக்க மூடிக்கு ஒரு பின்னேரம் முழுக்க ஒதுக்க முடியுமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுமினியம் ஏன் மங்குகிறது

புதிதாகச் சுரண்டிய அலுமினியத்தில் காற்றுப் பட்ட உடனேயே ஒட்சைட்டுப் படலம் ஒன்று உருவாகிவிடும். அதன் தடிப்பு சில நனோமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் உலோகத்தைக் காப்பாற்றுவதும் அதுதான். இரத்தினபுரியில் தோண்டியெடுக்கிற நீலக்கல்லும் இரசாயனத்தில் அலுமினியம் ஒட்சைட்டுத்தான். துளியளவு இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்ததால் அதற்கு அந்த நீலம் வந்தது. கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் நீலக்கல் 9, அலுமினியத்தின் கடினம் 3-க்கும் கீழே. அதாவது மெத்தென்ற உலோகத்துக்கு மேலே கடினமான ஒரு தோல்.

இந்தத் தோல் தானாக மங்குவதில்லை. ஈரம் தேங்கி நிற்கும்போது அது தடித்து, நீரை உறிஞ்சி, வெள்ளைப் பொடியாகிறது. அமிலமோ காரமோ பட்டால் கரைகிறது. ஏறக்குறைய பிஎச் 4 முதல் 8.5 வரைதான் அதற்குப் பாதுகாப்பான எல்லை. தேசிக்காய்ச் சாறு இந்த எல்லைக்குக் கீழே நிற்கிறது, அடுப்புச் சாம்பல் கரைத்த நீர் மேலே நிற்கிறது. வீட்டுப் பொருட்களில் எது உதவும், எது கெடுக்கும் என்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

தொடுவதற்கு முன் மூன்று சோதனை

முதலாவது காந்தம். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத் துண்டு போதும். ஒட்டினால் அது இரும்பு. மேலே குரோம் பூச்சு இருந்தால் வாட்டர் பேப்பரைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள், பூச்சு போய்விடும். ஹேண்டில் பாரும் சைலன்சரும் பெரும்பாலும் இந்த வகை.

இரண்டாவது லேக்கர். பல பைக் மூடிகளுக்குக் கம்பனியிலேயே கண்ணாடி போன்ற ஒரு பூச்சோ வெள்ளி நிறப் பெயிண்டோ அடித்திருப்பார்கள். மறைவான ஒரு மூலையில் பிராசோ தொட்ட துணியால் நன்றாகத் தேயுங்கள். வெறும் அலுமினியம் என்றால் துணி உடனே கறுக்கும். கறுக்கவே இல்லையென்றால் மேலே பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். நெயில் பொலிஷ் அழிக்கும் திரவத்தைத் தொட்டுப் பாருங்கள், சில லேக்கர்கள் அதில் பிசுபிசுக்கும். பூச்சு இருக்கும்வரை நீங்கள் தேய்ப்பது பூச்சைத்தான், அலுமினியத்தை அல்ல. "எவ்வளவு தேய்த்தாலும் வரவில்லை" என்பவர்களில் பலருடைய சிக்கல் இதுதான்.

மூன்றாவது அனோடைஸ். மின்சாரத்தால் வேண்டுமென்றே தடிப்பாக்கிய ஒட்சைட்டு அது. கறுப்பு, சாம்பல், தங்க நிறங்களில் வரும், தொட்டால் மெழுகுத்தன்மை இல்லாமல் உலர்ந்தாற்போல இருக்கும். மல்டிமீட்டர் இருந்தால் இரண்டு முனையையும் மேலே வைத்துப் பாருங்கள். வெறும் அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும், அனோடைஸ் செய்தது கடத்தாது. கடும் சாம்பல் நிறப் பிரஷர் குக்கர்கள் இந்த ரகம். அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். மெருகேற்றப் போனால் இருந்த பாதுகாப்பும் போய், திட்டுத் திட்டாக வெள்ளை தெரியும்.

இன்னும் சிலவற்றை விட்டுவிடுவது நல்லது. அலோய் ரிம்மில் பெரும்பாலும் பெயிண்டும் லேக்கரும் இருக்கும், கையால் செய்து முடியாது. கேஸ்கட் (எண்ணெய் கசியாமல் இடையில் வைக்கும் அடைப்புத் தாள்) உட்காரும் முகங்களில் பேப்பர் படக்கூடாது, எண்ணெய் கசியும். சிலிண்டரைச் சுற்றியுள்ள தகட்டு வரிகளுக்குள் விரல் விட்டுத் தேய்ப்பது வீண் உழைப்பு, அங்கே பளபளப்பை யாரும் பார்ப்பதுமில்லை. பிரேக் பக்கம் களிம்போ மெழுகோ சிந்தக்கூடாது. இது பேச்சுக்காகச் சொல்வதல்ல, ராம்பொடை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும்.

வீட்டில் இருப்பவை

மண்ணெண்ணெய்: எண்ணெய்ப் பிசுக்கும் சங்கிலி கிரீஸும் கழற்ற இதைவிட மலிவானது இல்லை. அடுப்பிலிருந்து தூர வைத்துச் செய்யுங்கள். லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டில்) அடுப்படிக்கும் இஸ்தோப்புக்கும் இடையில் சில அடிதான் தூரம், அதனால் இந்த வேலையை முற்றத்துக்குக் கொண்டுபோவது நல்லது.

பாத்திரம் கழுவும் திரவம்: ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் கழுவுவதற்கு. வாட்டர் பேப்பர் வழுக்கி ஓடுவதற்கும் தண்ணீரில் ஓரிரு துளி விட்டுக்கொள்ளலாம்.

தேசிக்காய், வினாகிரி, கொறக்கா (கறிக்குப் போடும் புளிப்புக் காய்): மூன்றும் மெல்லிய அமிலங்கள். வெள்ளைப் பொடியையும் மங்கலையும் இளக்கும், கீறலை எடுக்காது. மூன்றில் வினாகிரியைத்தான் நான் விரும்புவேன். சாறும் சக்கையும் இல்லாமல் சீராகப் படும், எவ்வளவு கடுமையானது என்பதும் தெரியும். கொறக்கா கேத்தலுக்கு நல்லது, அதைப் பிறகு சொல்கிறேன். உப்பு மட்டும் கூடவே கூடாது. "தேசிக்காயில் உப்புத் தொட்டுத் தேய்" என்பது பித்தளைக்குச் சொன்னது. உப்பிலுள்ள குளோரைட்டு அலுமினியத்தின் ஒட்சைட்டுத் தோலை அங்கங்கே துளைத்து, ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும். அந்தக் குழி எந்த மெருகுக்கும் மறையாது.

அடுப்புச் சாம்பல்: நம் வீடுகளில் பாத்திரம் தேய்ப்பதற்குச் சாம்பலும் தேங்காய்த் தும்பும்தான் காலங்காலமாக. சாம்பல் நன்றாகத்தான் தேய்க்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் விறகுச் சாம்பலில் பொட்டாசியம் காபனேற்று இருக்கிறது. அது நீரில் கரைந்தால் நல்ல காரம். சாம்பல் பூசியபடி பாத்திரத்தை ஊறவைத்தால் அலுமினியம் கறுக்கும். ஈரத் தும்பில் தொட்டு, தேய்த்து, உடனே கழுவி, துடைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. பைக் மூடியில் போட வேண்டாம், அதில் கிடக்கும் மண்ணும் கரித்துண்டும் கீறிவிடும்.

அப்பச்சோடா: மென்மையான காரம், மென்மையான உராய்வு. கடைசியில் மிச்சமிருக்கும் அமிலத்தைக் கொல்லக் கொஞ்சம் கரைத்து ஊற்றி, உடனே அலசலாம். அதற்குமேல் இதற்கு வேலை இல்லை. இணையத்தில் காட்டுவது போல வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் நுரை பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஒன்றை ஒன்று தீர்த்துக் கட்டிவிட்டு மிஞ்சுவது சோடியம் அசற்றேற்றுக் கரைந்த, வேலைக்கு உதவாத தண்ணீர்.

பற்பசை: வெள்ளைப் பசை மட்டும், ஜெல் வேண்டாம். அதில் இருப்பது நுண்ணிய சிலிக்காவோ கல்சியம் காபனேற்றோ. இந்தக் கல்சியம் காபனேற்றின் கடினம் மோஸ் அளவில் 3, அலுமினியத்தைவிட ஒரு நூல்தான் மேலே. அதனால் அது பளபளப்பைத் தூக்கிவிடும், கீறலைத் தொடாது. "அண்ணே, பற்பசை போட்டாலே போதும் எண்டு சொல்றாங்களே" என்று கேட்கும் தம்பிமாருக்கு என் பதில் ஒன்றுதான்: 2000 எண் வரைக்கும் வாட்டர் பேப்பர் போட்டுவிட்டு வா, அப்புறம் போதும்.

பிராசோ: குத்துவிளக்குத் துலக்க வீட்டில் ஏற்கெனவே இருக்கும். நுண்ணிய தேய்ப்புத் தூளும் அமோனியாவும் கலந்தது. அலுமினியத்துக்கும் நன்றாக வேலை செய்யும், கடைசியில் கழுவிவிட வேண்டும். சாப்பாட்டுப் பாத்திரத்தின் உள்பக்கம் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள்.

கோதுமை மா: ஆம், ரொட்டி சுடுகிற மாதான். எதற்கென்று பின்னால் வரும்.

துணி: பழைய பருத்திப் பெனியன், சாரம், ஜீன்ஸ் துண்டு. நைலோன் கலந்த துணி கீறும். தையலையும் பொத்தானையும் வெட்டி எறிந்துவிடுங்கள்.

இவை போக ஹாட்வெயார் கடையில் வாங்க வேண்டியது கறுப்பு நிற வாட்டர் பேப்பர் மட்டும்: 320, 400, 600, 1000, 1500, 2000. எண் கூடக் கூடப் பேப்பர் நுண்மை. ஒவ்வொன்றிலும் ஒரு தாள், 400-இல் மட்டும் இரண்டு. தாளைப் பிடிக்க அடைகட்டை ஒன்றும் வேண்டும். அறுந்துபோன பாட்டா செருப்பின் அடிப்பகுதியைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி எடுங்கள். வளைவுக்கு ஏற்பக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், விரல் தடம் விழவும் விடாது. விலைக்கு வாங்கும் கட்டையைவிட நான் இதைத்தான் நம்புவேன்.

வீட்டில் இருந்தாலும் எடுக்கக்கூடாதவை

குழாய் அடைப்பு நீக்கும் கோஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கொதித்துக் கொண்டு கரைக்கும், ஐதரசன் வாயுவும் வெளிவரும். அடுப்புக்குப் பக்கத்தில் என்றால் தீப்பிடிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். பெயிண்டை உரிக்கக் கோஸ்டிக் நல்லது என்று யாராவது சொல்வார்கள். அது இரும்புக்கு. டாய்லெட் கழுவும் திரவங்கள் பலவற்றில் ஐதரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, ஒரு நிமிடத்தில் மூடி சாம்பல் நிறமாகிக் குழிவிடும். சலவைச் சோடா, பிளீச் இரண்டும் அதே கதை. பிளீச்சையும் தேசிக்காய் அல்லது வினாகிரியையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

இரும்புக் கம்பிச்சுருளால் தேய்த்தால் நுண்ணிய இரும்புத் துகள்கள் அலுமினியத்தில் புதைந்து, பிறகு துருப் புள்ளிகளாகக் கிளம்பும். செங்கல் தூளிலும் ஆற்று மணலிலும் ஒரு மணி பெரிது, ஒரு மணி சிறிது. அந்தப் பெரிய மணி போட்ட கோட்டை எடுக்க மீண்டும் 320-க்குப் போகவேண்டி வரும்.

இனி வேலை: ஒரு பைக் மூடியை எடுத்துக்கொள்வோம்

மூடியைக் கழற்ற வேண்டுமா? கிளட்ச் பக்க மூடியைக் கழற்றினால் எண்ணெயை வடிக்க வேண்டும், கேஸ்கட் மாற்ற வேண்டும், பழைய ஸ்க்ரூ தலைகள் உருளும் அபாயமும் உண்டு. வேறு காரணத்துக்காக எஞ்சின் திறக்கவில்லை என்றால் வண்டியிலேயே வைத்துச் செய்யுங்கள். கியர் லீவரையும் கிக்கரையும் மட்டும் கழற்றுங்கள். பல பைக்குகளில் கியர் லீவருக்கு 10 மில்லிமீட்டர் சாவி போதும். கழற்றுமுன் லீவரும் அச்சும் சேரும் இடத்தில் ஒரு கோடு போட்டுவைத்தால் திரும்பப் பூட்டும்போது கோணம் மாறாது. அச்சு வெளியே வரும் இடத்திலுள்ள ரப்பர் சீலை மாஸ்கிங் டேப்பால் நன்றாக மூடுங்கள். தேய்ப்புத் தூள் சீலுக்குள் போனால் ரப்பர் உதட்டை அறுத்து, எண்ணெய் கசியத் தொடங்கும். எண்ணெய் ஊற்றும் மூடியைச் சுற்றியும் டேப் போடுங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும்.

கழுவுதல். மண்ணெண்ணெயும் பழைய பற்தூரிகையுமாகப் பிசுக்கை எடுங்கள். ஸ்க்ரூ குழிகளுக்குள் இருக்கும் மண்ணை முக்கியமாக எடுக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் 2000 பேப்பருக்கு அடியில் வந்து மாட்டுவது அந்த மணல்தான். அப்புறம் சோப்புநீரால் கழுவி, துடைத்து, காய விடுங்கள்.

பூச்சு எடுத்தல். லேக்கர் இருந்தால் ஹாட்வெயாரில் கிடைக்கும் பெயிண்ட் ரிமூவர் பூசி, போத்தலில் சொன்ன நேரம் விட்டு, மரக்குச்சியால் வழித்தெடுங்கள். கையுறை கட்டாயம், திறந்த வெளியிலும் இருக்க வேண்டும். ரிமூவர் இல்லையென்றால் 320 பேப்பராலேயே தேய்த்து எடுக்கலாம், ஆனால் பேப்பர் நிறையப் போகும்.

வெள்ளைப் பொடி. வினாகிரி நனைத்த துணியை மூடிமேல் ஐந்து முதல் பத்து நிமிடம் ஒட்டிவைத்து, தும்பால் மெதுவாகத் தேய்த்து, தாராளமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். இரவு முழுக்க விடுவதில் ஒரு பலனும் இல்லை, மேற்பரப்புச் சொரசொரப்பாகிவிடும். ஸ்க்ரூக்களைச் சுற்றி வெள்ளைப் பொடி அதிகம் இருக்கும். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான்.

இந்தக் கட்டத்தில் மூடியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆழமான கீறல் இல்லை, மங்கல் மட்டும்தான் என்றால் 1000-இல் இருந்து தொடங்கலாம். கல் அடித்த வடு, விழுந்து உரசிய கோடு இருந்தால் 320. தேவைக்கு மேல் கரடான பேப்பரில் தொடங்குவது உங்களுக்கு நீங்களே வேலை வைத்துக்கொள்வதுதான்.

பேப்பர் வேலை

பொறுமை கேட்கும் இடம் இதுதான். பேப்பர் செய்வது கீறலை அழிப்பதல்ல. பெரிய கீறலுக்குப் பதிலாகச் சிறிய கீறல்களைப் போடுகிறது, அவ்வளவுதான். ஐரோப்பிய அளவில் 400 பேப்பரின் மணி சுமார் 35 மைக்ரோன், 1000-இல் 18, 2000-இல் 10. கோடுகள் நுண்மையாகிக்கொண்டே போய், கடைசியில் களிம்பு சமாளிக்கக்கூடிய அளவுக்கு வரவேண்டும். 400-இல் இருந்து நேராக 1500-க்குத் தாவினால், 1500 அந்த 400 போட்ட பள்ளங்களின் உச்சியை மட்டும் மினுக்கிவிட்டுப் போகும். மேலோட்டமாகப் பார்த்தால் மினுங்கும், வெயில் பட்டால் கோடு கோடாகத் தெரியும்.

பேப்பரைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, சோப்புத் துளி விட்ட தண்ணீரில் ஒரு கால் மணி நேரம் ஊறவிடுங்கள். செருப்பு ரப்பரில் சுற்றி, நேர்க்கோட்டில், ஒரே திசையில் முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். வட்டமாக வேண்டாம். 320-ஐ மேல்கீழாகத் தேய்த்தால் 400-ஐ இடம்வலமாகத் தேயுங்கள், 600-ஐ மறுபடி மேல்கீழாக. இப்படித் திசை மாற்றும்போது முந்தைய பேப்பரின் கோடுகள் குறுக்காகத் தெரியும். அந்தக் குறுக்குக் கோடு ஒன்றுகூட இல்லாமல் போகும்வரை அடுத்த எண்ணுக்குப் போகாதீர்கள். கைபேசியின் டோர்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில், மூடியோடு ஒட்டினாற்போலப் பிடித்துப் பாருங்கள், ஒளிந்திருக்கும் கோடெல்லாம் வெளியே வரும். மூடுபனி நாளின் மங்கல் வெளிச்சத்தில் எல்லாமே அழகாகத்தான் தெரியும், அதை நம்ப வேண்டாம்.

தண்ணீர் சாம்பல் நிறச் சேறாக வரும். அடிக்கடி அலசுங்கள், சேறு காய விடாதீர்கள். ஈரமாகத் தேய்ப்பதால் தூசி பறக்காது, மூச்சுக்கும் நல்லது. ஒரு எண்ணில் இருந்து அடுத்ததுக்குப் போகும்போது மூடியையும் ரப்பரையும் கையையும் வாளித் தண்ணீரையும் மாற்றிக் கழுவுங்கள். பீலித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் இடத்தில் இந்தக் கவலை பாதி. 400-இன் ஒரு மணி 1500-இல் மாட்டினால் போதும், அரை மணி நேர உழைப்பு வீண்.

அழுத்தம் 320-லும் 400-லும் மட்டும். 1000-க்கு மேல் பேப்பர் தன் பாரத்திலேயே ஓடட்டும். விளிம்புகளில் கவனம், அங்கே அழுத்தினால் மூடியின் கூர்மையான வடிவம் உருண்டுபோய், பார்க்கச் சவர்க்காரக் கட்டி மாதிரி ஆகிவிடும். புடைத்த எழுத்துகளைச் சுற்றிப் பேப்பரை மடித்து விரல் நுனியால் செய்யுங்கள், எழுத்தின் தலையில் தேய்க்காதீர்கள்.

பெரும்பாலான பைக் மூடிகள் அச்சில் வார்த்தவை. வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கன் கலந்திருக்கும், நுண்துளைகளும் இருக்கும். ஆழமாகத் தேய்க்கத் தேய்க்கப் புதுத் துளைகள் வெளிவரலாம். அவை அழுக்கல்ல, துரத்திக்கொண்டு போகாதீர்கள். வார்ப்பில் கண்ணாடி போன்ற தெளிவும் கிடைக்காது. கொஞ்சம் சாம்பல் சாயலோடு ஆழமான ஒரு மினுக்கம் வரும். என் ரசனைக்கு அதுதான் பழைய வண்டிக்குப் பொருத்தம். குரோம் போலத் தகதகக்கும் மூடி பழைய வண்டியில் ஒட்டாமல் நிற்கும்.

களிம்பு வேலை

2000 முடிந்ததும் மூடி மங்கிய வெள்ளிபோல, கோடில்லாமல், பட்டுப்போல இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் திரும்பிப் போங்கள்.

உள்ளங்கையளவு இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜீன்ஸ் துண்டில் பிராசோ அல்லது பற்பசை பட்டாணியளவு போட்டு, விரலில் இறுக்கிச் சுற்றி, சிறு வட்டங்களாக அழுத்தித் தேயுங்கள். உடனே கன்னங்கரேல் என்று கறுக்கும். அது அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டுப் புதுக் களிம்பு போடுவதுதான் வழக்கமான பிழை. அந்தக் கறுப்பு நீங்கள் சுரண்டிய நுண் அலுமினியம். அதோடு சேர்த்தே தொடர்ந்து தேயுங்கள், துணி கொஞ்சம் இழுக்கத் தொடங்கும்வரை, களிம்பு காயும் தறுவாய்வரை. அந்தக் கடைசி அரை நிமிடத்தில்தான் மினுக்கம் எழும்பும். அப்புறம் பெனியன் துணியின் சுத்தமான பக்கத்தால் துடைத்து, அடுத்த இடம்.

துணி வெள்ளையாக வரும்வரை தேய்க்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். வெறும் அலுமினியத்தில் களிம்பு பட்டால் எப்போதும் கறுக்கும், ஆயிரம் தடவை தேய்த்தாலும். கண்ணுக்குப் போதும் என்று தோன்றும்போது நிறுத்துங்கள்.

முழு மூடியையும் ஒரு சுற்று முடித்த பிறகு, பெனியன் துணியில் மிகக் குறைந்த களிம்போடு, மெதுவாக, நேர்க்கோட்டில் இன்னொரு சுற்று. வட்டத் தேய்ப்பின் சுழிகள் இதில் மறையும்.

இப்போது கோதுமை மா. மூலைகளிலும் எழுத்து இடுக்குகளிலும் கறுப்புப் பிசுக்குத் தங்கியிருக்கும், தண்ணீருக்கு அசையாது. ஒரு கைப்பிடி உலர்ந்த மாவைத் தூவி, உலர்ந்த துணியால் தேய்த்தால் மா அந்த எண்ணெயையும் தூளையும் உறிஞ்சிக்கொண்டு சாம்பல் நிறமாக உதிரும். சமையல் மாவில் உப்போ சோடாவோ கலந்திராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாவைத் தூரிகையால் தட்டிவிட்டு, பாத்திரத் திரவம் கலந்த இளஞ்சூட்டு நீரில் கழுவி, அமோனியா வாடை போகும்வரை அலசி, உடனே துடைத்து உலர்த்துங்கள். நீர்த்துளி தானாகக் காய்ந்தால் தடம் விழும்.

மேலே என்ன பூசுவது

லேக்கர் ஸ்ப்ரே அடித்தால் நிரந்தரமாக இருக்கும் என்பார்கள். கொழும்பில் எப்படியோ, இங்கே வேண்டாம். மினுக்கிய அலுமினியத்தில் லேக்கர் நன்றாகப் பிடிக்காது. ஒரு கல் பட்டுச் சிறு இடத்தில் பெயர்ந்தால் அதன் வழியே ஈரம் உள்ளே போய், பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்த தடம்போல அரிப்புப் பரவும். ஈரப்பதம் கூடிய காற்றில் அது இன்னும் வேகம். அப்புறம் லேக்கரை உரித்து 400-இல் இருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

மெழுகுதான் சரி. கார் வெக்ஸ் இருந்தால் மெல்லிசாகப் பூசி, காய விட்டு, துடையுங்கள். இல்லையென்றால் நிறமில்லாத சப்பாத்துப் பொலிஷ், அதுவும் மெழுகுதான். எஞ்சின் சூட்டில் மெழுகு மெல்ல மெல்லப் போய்விடும், மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். ஐந்து நிமிட வேலை. தேங்காய் எண்ணெய் பூசினால் அன்றைக்கு மினுங்கும், அடுத்த நாளே தூசியைப் பிடித்து ஒட்டவைக்கும். கழற்றிய ஸ்க்ரூக்களைப் பூட்டும்போது மரையில் துளி கிரீஸ் தொட்டுப் பூட்டுங்கள், அடுத்த தடவை கழற்றும்போது கை உங்களை வாழ்த்தும்.

கேத்தலும் சட்டியும்

பாத்திரத்துக்கு வேறு நியாயம். உள்பக்கத்தை மெருகேற்ற வேண்டாம். தண்ணீர் கொதித்துக் கொதித்து உள்ளே கறுத்திருப்பது தடித்த ஒட்சைட்டு, தீங்கற்றது, உலோகத்தைக் காப்பதும் அதுதான். அதைச் சுரண்டினால் வெறும் உலோகம் வெளியே வந்து, அடுத்த சமையலில் புளியோடு இன்னும் அதிகமாகக் கலக்கும். புளிக்கறியை அலுமினியச் சட்டியில் இரவு முழுக்க வைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்வது சரியான பேச்சு.

பிளேன்டி (பாலில்லாத தேநீர்) ஊற்றி ஊற்றிக் கேத்தலுக்குள் படிந்த தேயிலைக் கறையை எடுக்க வேண்டுமென்றால், இரண்டு மூன்று கொறக்காத் துண்டைப் போட்டுத் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஊற்றிவிட்டுத் தும்பால் துடையுங்கள். உள்ளே கொஞ்சம் வெளுக்கும். பிறகு வெறும் தண்ணீரை ஒரு தடவை கொதிக்கவைத்து ஊற்றிவிட்டு வழக்கம்போலப் பாவியுங்கள்.

வெளியே பிடித்த விறகுக் கரிதான் பெரிய வேலை. சூடான சோப்புநீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, தும்பாலும் மெல்லிய சாம்பலாலும் தேய்த்து உடனே கழுவுங்கள். மிஞ்சும் மஞ்சள் கறைக்குப் பற்பசை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பளிச்சென்று வேண்டுமென்றால் 1000, 2000 என்று வெளிப்புறத்தில் பேப்பர் போடலாம். பாத்திரங்கள் தகட்டு அலுமினியம், வார்ப்பைவிடச் சீக்கிரம் மினுங்கும். விறகடுப்பில் ஏறும் கேத்தலின் அடிப்பாகத்துக்கு இந்தச் சிரமம் எதற்கு என்பது வேறு விஷயம். ஏற்றுவதற்கு முன் அடியில் சோப்பைக் குழைத்துப் பூசிவிட்டால் கரி சோப்போடு கழன்று வரும், அது போதும்.

பிரஷர் குக்கர் மூடியில் வெளிப்புற முகத்தை மட்டும் தொடுங்கள். வளையம் உட்காரும் பள்ளம், ஆவி வெளியேறும் துளை, பாதுகாப்பு வால்வு ஆகியவற்றில் பேப்பரோ பசையோ போகக்கூடாது.

எப்போது செய்வது, எப்படி வைத்திருப்பது

மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம், தை பிறந்து பங்குனி வரைதான் நல்ல காலம். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்தில் வடகீழ்ப் பருவ மழை போன பிறகு. ஆயுத பூஜை வருவது இரண்டு பருவத்துக்கும் இடைப்பட்ட மழைக் காலத்தில், பின்னேரத்து இடிமழை நிச்சயம். அந்த நாட்களில் காலையிலேயே தொடங்கி, மெழுகு பூசும்வரை வண்டியைக் கூரைக்கு அடியில் வைத்திருங்கள். மினுக்கி முடித்து மெழுகில்லாமல் ஒரு இரவு மூடுபனியில் விட்டால் காலையில் புள்ளி புள்ளியாக இருக்கும்.

வண்டிமேல் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டும் பழக்கத்தை விடுங்கள். உள்ளே வியர்த்து, அந்த ஈரம் போக வழியில்லாமல் மூடியிலேயே உட்காரும். கூரையும் காற்றோட்டமும் போதும். நனைந்த சாக்கை எஞ்சின்மேல் போடுவது இன்னும் மோசம்.

தோட்டத்துப் பாதையில் உர மூட்டை ஏற்றி ஓடும் வண்டிகளுக்குத் தனியாக ஒன்று. அமோனியம் சல்பேற்று மாதிரியான உரங்கள் உப்பு வகை, ஈரத்தை இழுத்துக்கொண்டு அலுமினியத்தை அரிக்கும். மலையிலிருந்து இறங்கிய அன்றைக்கே வெறும் தண்ணீரால் கழுவிவிடுங்கள், மறுநாள் பார்ப்போம் என்று வைக்காதீர்கள். கழுவிய பிறகு எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டால் இடுக்குகளில் நின்ற தண்ணீரும் காய்ந்துவிடும்.

ஒருமுறை 2000 வரை கொண்டுவந்த மூடிக்கு மறுபடி பேப்பர் தேவைப்படாது. மங்கும்போது பற்பசை, கழுவல், மெழுகு. கல் அடித்தால் அந்த இடத்துக்கு மட்டும் 600-இல் தொடங்கிச் சுற்றிலும் கலக்குமாறு தேய்த்துக்கொள்ளலாம். மிச்சமிருக்கும் பேப்பர் துண்டுகளை எண் தெரியும்படி தனித்தனி உறையில் போட்டு வையுங்கள், கலந்துபோனால் ஈரத்தில் பின்பக்கத்து எண் அழிந்து எது எதுவென்று தெரியாது. பிராசோவும் மண்ணெண்ணெயும் ஊறிய துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல், வெளியே கம்பியில் விரித்துக் காயவைத்து விட்டு எறிந்துவிடுங்கள்.